கம்பெனி கைவிட்டால் கறுப்புக் கோட்டு கைவிடுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாராவி 90 அடிச் சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. திரும்பினால் நம் சங்க விழாக்களில் தவறாமல் காணும் முகம். இட்லி வியாபாரம் செய்து மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். ஆனால் அன்று முகத்தில் களையே இல்லை.

"என்னத்தச் சொல்ல அண்ணாச்சி, மக வக்கீலுக்குப் படிச்சி முடிச்சிட்டா. காலேசுக்கு எட்டு கம்பெனி வந்துச்சாம். ஒருத்தனும் எடுக்கலையாம். ரெண்டு நாளா சோறு திங்கல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

மாலையில் போனேன். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "மாமா, நான் இத்தனை வருஷம் படிச்சது வேஸ்ட்டா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று ஒரு மணி நேரத்தில் சொன்ன பதிலையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இன்று நிறைய. அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது பயன்படலாம்.

நானும் நிராகரிக்கப்பட்டவன்தான்

1991-ல் நான் சட்டப் படிப்பை முடித்தேன். காலையில் கல்லூரி, பகலில் ஒரு டைப்பிங் வேலை. எங்களுக்கு முந்திய தலைமுறைத் தமிழர்கள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கி, ஃபோர்ட் அலுவலகங்களில் ஸ்டெனோவாகப் பேர் வாங்கியவர்கள். அதே ஃபோர்ட்டுக்கு நான் ஸ்டெனோவாக அல்ல, வக்கீலாகப் போகவேண்டும் என்பது என் அப்பாவின் ஆசை. தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து ஊறிப்போன கைகள் அவருடையவை.

சாலிசிட்டர் அலுவலகங்கள் ஐந்தாறு ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் முகவரியைப் பார்த்தார்கள். "தாராவியா?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார்கள். இன்னோரிடத்தில் என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் கோர்ட்டு வாசலில் ஒரு நோட்டரியின் மேசைக்குப் பக்கத்தில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாவிடம் "பெரிய ஆபீஸ்" என்று பொய் சொன்னேன்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் கலவரம் நடந்தது. தாராவியும் எரிந்தது. ஓய்ந்த பிறகு, கடையைப் பறிகொடுத்தவர்களும் வீட்டைப் பறிகொடுத்தவர்களும் மனு எழுத ஆள் தேடினார்கள். போலீஸ் பஞ்சநாமா நகல் வேண்டும், நஷ்ட ஈட்டுக்கு விண்ணப்பம் வேண்டும், நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணைக் கமிஷனுக்குப் பிரமாண வாக்குமூலம் வேண்டும். அவர்களில் பலருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி சரளமாக வராது. என் உச்சரிப்பைப் பற்றி அங்கே ஒருவரும் கவலைப்படவில்லை. சொன்னதைப் புரிந்துகொண்டு பிழையில்லாமல் எழுதித் தருகிறானா என்றுதான் பார்த்தார்கள். அந்த மூன்று மாதத்தில் சட்டக் கல்லூரியில் கற்றதைவிட அதிகம் கற்றேன். எனக்குக் கட்சிக்காரர்கள் கிடைத்ததும் அப்படித்தான். பெரிய அலுவலகங்களில் என்னை எடுத்திருந்தால் அந்த மனுக்களை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த ஊரில் இது புதிதல்ல

அந்தப் பெண்ணிடம் இரண்டு பெரியவர்களைப் பற்றியும் சொன்னேன்.

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891-ல் திரும்பிய காந்தியடிகள், தொழில் பழகப் பம்பாய்க்கு வந்தார். ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. கட்சிக்காரரை வேறு வக்கீலிடம் அனுப்பிவிட்டு வெளியே வந்தார். ஒரு பள்ளியில் 75 ரூபாய்க்கு ஆங்கில ஆசிரியர் வேலை இருப்பதாக விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தார். பி.ஏ. பட்டம் இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை. ராஜ்கோட்டுக்குத் திரும்பி மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். 1893-ல் ஓராண்டு வேலையாக, 105 பவுன் சம்பளத்துக்கு, ஒரு வியாபார நிறுவனத்துக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே 1894-ல் முன்பற்கள் உடைந்து ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றவர் பாலசுந்தரம் என்ற தமிழர், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்த அடி அது. காந்தி அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறிடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தச் செய்தி பரவிய பிறகுதான் கூலித் தொழிலாளர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

அடுத்தவர் டாக்டர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து, பாரிஸ்டராகி, 1923-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். அந்நாளில் ஒரிஜினல் சைடில் பாரிஸ்டருக்கு வழக்கு வரவேண்டுமானால் சாலிசிட்டர் கையால்தான் வரவேண்டும். தீண்டாமை கோர்ட்டு வராண்டாவிலும் இருந்தது. சாலிசிட்டர்கள் அவருக்கு வழக்குத் தரவில்லை. அப்பீல் வழக்குகளையும் மாவட்டக் கோர்ட்டு வழக்குகளையும் எடுத்துக்கொண்டார். வருமானம் போதாமல் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். 1928-ல் அரசினர் சட்டக் கல்லூரியில் ஆசிரியரானார். 1855-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு 1935-ல் அவரே முதல்வர்.

நம் பிள்ளைகள் எல்லாரும் காந்தியாகவோ அம்பேத்கராகவோ ஆகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஊரில் முதல் கதவு திறக்காதது ஒருவருடைய தகுதிக்குச் சான்றிதழ் ஆகாது என்பதற்காகச் சொன்னேன்.

கம்பெனிகள் ஏன் எடுப்பதில்லை?

பெற்றோர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய சட்ட நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்களில் பெரும்பகுதியைச் சில தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலேயே பொறுக்கி எடுத்துவிடுகின்றன. அதிலும், படிக்கும்போதே அவர்களிடம் பயிற்சிக்குப் போய் வேலை காட்டிய மாணவருக்குத்தான் முன்னுரிமை. நகரத்தின் சாதாரணக் கல்லூரிகளில் மூன்று வருடப் படிப்பு படிப்பவர்கள், அதுவும் பகலில் வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள், சம்பளமில்லாத பயிற்சிக்கு எங்கே போவது? ஆகவே அந்தப் பந்தயம் தொடங்கும் முன்பே பாதி முடிந்துவிடுகிறது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

முதலில் செய்யவேண்டியது

வருத்தம் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதிவைத் தள்ளிப் போடக்கூடாது. பார் கவுன்சிலில் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்பு மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இந்தச் செய்தி நம் தெருக்களில் பலருக்கு இன்னும் தெரியாது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. 2010-ல் கொண்டுவரப்பட்ட இந்தத் தேர்வில் தேறினால்தான் தொடர்ந்து தொழில் செய்யலாம்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது. ஆனால் வட்டி தூங்குவதில்லை. அந்த ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வருமானத்துக்கு வழி செய்துகொள்வது நல்லது.

திறந்திருக்கும் வாசல்கள்

முதலாவது, கோர்ட்டேதான். ஒரு நல்ல சீனியரிடம் சேர்ந்து, வாய்தா வாங்குவது முதல் வக்காலத்து தாக்கல் செய்வது வரை கற்றுக்கொள்வது. தொடக்கத்தில் பணம் குறைவு என்பதை மறைக்க வேண்டாம். ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமங்களில் 15,000 ரூபாயும் தரலாம் என்று 2024 அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. அது பரிந்துரைதான், கட்டாயமல்ல. ஆனாலும் சீனியரிடம் கூச்சமில்லாமல் பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது. நீதிபதி ஆகவேண்டும் என்ற கனவு உள்ளவர்களுக்கும் இதுதான் வழி. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டாவது, இலவச சட்ட உதவி. 1987-ம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் கிடைக்கும். 2022 முதல் குற்ற வழக்குகளுக்கென முழு நேர சட்ட உதவி வக்கீல்களை ஒப்பந்த முறையில் நியமிக்கும் திட்டமும் இருக்கிறது. அதில் உதவி வக்கீல் பதவிக்கு மூன்றாண்டுக்குட்பட்ட அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். வெளி வழக்குகள் எடுக்க முடியாது. ஆனால் ஒரு வருடத்தில் பார்க்கும் ஜாமீன் மனுக்களும் சாட்சி விசாரணைகளும் பெரிய அலுவலகத்தில் ஐந்து வருடம் ஃபைல் தூக்கினாலும் கிடைக்காது.

மூன்றாவது, வங்கிகள். அரசு வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். சிறப்பு அதிகாரி தேர்வில் சட்ட அதிகாரி பதவி உண்டு. சட்டப் பட்டமும் வக்கீலாகப் பதிவும் வேண்டும். இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கவேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. ரிசர்வ் வங்கியும் செபியும் தங்கள் சட்டப் பிரிவுகளுக்குத் தனியே தேர்வு நடத்துகின்றன. இரண்டுக்கும் தலைமையகம் நம் மும்பையிலேயே. ஒரு எச்சரிக்கை: முழு நேரச் சம்பள வேலைக்குப் போனால் வக்கீல் தொழிலை நிறுத்தி வைப்பதாகப் பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு படகில் கால் வைக்க விதி இடம் தராது.

நான்காவது, கம்பெனி செகரட்டரி படிப்பு. செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் முழு நேர செகரட்டரி வைத்தாக வேண்டும். சட்டம் படித்தவருக்குப் பாடங்களில் பாதி பழக்கமானவை. கடினமான தேர்வுதான். கணக்கைக் கண்டு ஓடாதவர்கள் துணிந்து இறங்கலாம்.

ஐந்தாவது நம் காலடியிலேயே கிடக்கிறது, நாம்தான் குனிந்து பார்ப்பதில்லை. டிரேட் மார்க் பதிவகம் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறது. தாராவியிலிருந்து எவ்வளவு தூரம்? தாராவியில் தோல் பை தைப்பவர்களும், முறுக்கு, மிக்சர் போடுபவர்களும், மாவு அரைத்து விற்பவர்களும் எத்தனை பேர்! பத்து வருடம் உழைத்து ஒரு பெயரை நிலைநிறுத்துவார்கள், பிறகு எவனோ அதே பெயரில் பாக்கெட் போடுவான். தனி நபர்களும் சிறு தொழில் செய்பவர்களும் கணினி வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வக்கீலாகப் பதிவு செய்தவர் இதற்குத் தனித் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஒரு தெருவில் பத்துக் கடைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு தொழில்.

தமிழ் தெரிந்த வக்கீலுக்கு ஒரு வேலை

ஆறாவதை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பதற்கு ஆதாரம் உள்ளவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டம். பிந்தி வந்தவர்களுக்கு வேறு இடம், வேறு நிபந்தனை. ஆக, ஒரு குடும்பம் தாராவியில் இருக்குமா வெளியே போகுமா என்பது ஒரு பழைய லைட் பில்லிலும் வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கார்டிலும் தொங்குகிறது.

இங்கேதான் நம் மக்களுக்குச் சிக்கல். மகாராஷ்டிரத்தில் தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டும். எனவே ஒரே மனிதர் ரேஷன் கார்டில் "எஸ். மாடசாமி", வாக்காளர் பட்டியலில் "மாடசாமி சுடலைமுத்து", லைட் பில்லில் செத்துப்போன தகப்பனார் "சுடலைமுத்து". மூன்றும் ஒரே வீட்டுக் காகிதங்கள்தான் என்று அதிகாரிக்கு யார் விளக்குவது? பிரமாண வாக்குமூலம் தயாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும், ஊரில் வாங்கிய தமிழ் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் மொழிபெயர்க்க வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குள் வீடு யார் பேரில் என்ற தகராறு வந்தால் உட்கார வைத்துப் பேசவும் வேண்டும். தமிழும் மராத்தியும் சட்டமும் மூன்றும் தெரிந்தவர் இதற்குத் தேவை. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணலாம்.

ஆகவே இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: மராத்தியை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கீழ்க் கோர்ட்டுகளில் அது இல்லாமல் காலம் தள்ள முடியாது. தமிழை எழுதப் படிக்க மறந்துவிடாதீர்கள். வீட்டில் பேசுகிறோமே என்றால் போதாது, ஒரு கிரயப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லத் தெரியவேண்டும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன்

இந்த வழிகளில் எதுவும் பெரிய கம்பெனி தரும் முதல் மாதச் சம்பளத்தை முதல் மாதத்திலேயே தராது. நான் முதல் நான்கு வருடம் அப்பாவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டேன். கல்யாணம் தள்ளிப் போயிற்று. என்னோடு படித்த கெட்டிக்காரர் ஒருவர் வீட்டுக் கஷ்டத்தால் மூன்றாம் வருடமே கோட்டைக் கழற்றிவிட்டு வளைகுடாவுக்குப் போனார். அவர் தோற்றுவிட்டார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தாங்கும் தோள் வீட்டில் இருந்ததால் நான் நின்றேன், அவருக்கு அது இல்லை, அவ்வளவுதான். எனவே எந்த வழியை எடுப்பது என்பதை வீட்டுக் கணக்கையும் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். கடன் தவணை கழுத்தை நெரித்தால் வங்கித் தேர்வு எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்று இரவு புறப்படும்போது அந்தத் தகப்பனாரைத் தனியே அழைத்து ஒன்று கேட்டேன். "மக கோர்ட்டுக்குப் போகட்டும், ரெண்டு வருஷம் காசு கேக்காம இருக்க முடியுமா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இட்லிச் சட்டி இருக்கு அண்ணாச்சி, பாத்துக்கலாம். ஊர்க்காரங்க கேட்டா என்ன சொல்லுறதுன்னுதான்..." என்று இழுத்தார்.

உண்மையான சங்கடம் அதுதான். சம்பளம் குறைவதைக்கூடத் தாங்கிக்கொள்கிறோம். கல்யாண வீட்டில், கோவில் கொடையில், நம் சங்க விழாவில் "பொண்ணு எந்தக் கம்பெனியில இருக்கா?" என்று நாலு பேர் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. நானே அந்தக் கேள்வியைப் பல பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். என் அப்பாவிடம் நான் பொய் சொன்னதும் அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

அந்தப் பெண் இப்போது ஒரு சீனியரிடம் சேர்ந்திருக்கிறாள். உதவித்தொகை சொற்பம். பார் தேர்வில் தேறிவிட்டாள். வங்கித் தேர்வுக்கும் படிக்கிறாள், எது முதலில் கூடி வருகிறதோ அது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து தாராவிக்காரர்களின் காகிதங்களைச் சரிபார்க்கிறாள். போன மாதம் ஒரு பாட்டி, தகர டப்பாவில் சுருட்டி வைத்திருந்த 1990-ம் வருடத்து ரசீதைக் கொண்டு வந்தார். மூன்று பெயர் குழப்பத்தையும் அவளே அவிழ்த்து, பிரமாண வாக்குமூலத்தைத் தமிழில் பாட்டிக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினாள். பாட்டி போனபின் என்னைப் பார்த்து, "மாமா, இதையெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரவே இல்லையே" என்றாள்.

எனக்கும் சொல்லித் தரவில்லை என்றேன்.

அடுத்த விழாவில் அவளைச் சந்திக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். உங்கள் ரேஷன் கார்டையும் லைட் பில்லையும் எடுத்துப் போய், பெயர் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.